தம்பிக்கு அளந்த கண்ணாடி

எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரை எல்லோரும் ‘பவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்ததுமே கண்ணில் எவ்வளவு பவர் என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். பக்கத்துக் கடிகாரக் கடை என்னுடையது. இருபது வருடமாக அவருடைய வாய்ச்சவடாலைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அவருடைய தம்பி ஜெயிலில் இருக்கிறான். ஒரு சண்டையில் ஒருவனைப் பிடித்துத் தள்ளினான், விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆறு வருடத்தில் பவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. “எனக்குத் தம்பியே கிடையாது” என்று வீம்பு. ஆனால் தம்பி எழுதிய கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். பதில் மட்டும் போட்டதில்லை.

போன மாதம் வந்த கடிதத்தில் இரண்டே வரி. “ஒரு தடவை வாண்ணே. உன் குரலைக் கேட்டாப் போதும்.” அதற்கும் அசையாமல் இருந்தவரை, சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி பிடித்துக்கொண்டார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

“நீங்க போகலேன்னா நான் போறேன். அப்புறம் பெரிய மனுஷன்னு வெளியில சொல்லிக்காதீங்க.”

மறுநாள் பவர் ஜெயிலுக்கு மனுப் போட்டார். இரண்டு பேருக்கு அனுமதி கிடைத்தது. துணைக்கு நான்.

வெறுங்கையோடு போக அவருக்கு மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவோ வாய் வராது. நல்லதாக ஒரு கண்ணாடி செய்து கொடுத்துவிட்டால் ஆறு வருடமும் சரியாகிவிடும் என்று நம்பினார். பாவம், நிஜமாகவே நம்பினார்.

கண்ணைச் சோதிக்க ஆள் எதிரில் இல்லையே? கடிதங்களைப் பரப்பிக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். மூன்றாம் வருடத்துக் கடிதம் ஒன்றில், “எழுத்தெல்லாம் மங்கலாத் தெரியுதுண்ணே” என்று ஒரு வரி. அதற்குப் பிறகு எழுத்து பெரிதாகிக்கொண்டே போயிருந்தது. வரிகள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. கடைசி ஒரு வருடமாக மட்டும் குட்டிக் குட்டியாய், கோடு பிடித்த மாதிரி எழுத்து.

“பாத்தியா? அங்கேயே ஏதோ ஒரு கண்ணாடி குடுத்திருக்காங்க. படிக்க ஆகும், தூரத்துக்கு ஆகாது” என்று என்னிடம் சொன்னார்.

“வேற யாரோ எழுதின மாதிரி இருக்கே?” என்றார் அண்ணி.

“கண்ணாடி போட்டா கையெழுத்து மாறும்டி. முப்பது வருஷமாப் பாக்கிறேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

அண்ணி சொன்னதுதான் சரியென்று எனக்கும் பட்டது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

ஜெயிலுக்குள் கண்ணாடிச் சில்லோ இரும்போ போகக் கூடாது. அதனால் பிளாஸ்டிக் லென்ஸ், பிளாஸ்டிக் பிரேம். அதில் இருந்த குட்டித் திருகாணிகளைக்கூடக் கழற்றிவிட்டு, நைலான் நரம்பால் முடிச்சுப் போட்டு, நுனியைச் சூடு காட்டி உருக்கினார். மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை.

கிளம்புகிற காலையில் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றார். முழுக்க நரைத்திருந்தது, தம்பி அதைப் பார்க்கக் கூடாதாம்.

“மீசையில்லாம உங்களை அவருக்கு அடையாளம் தெரியுமா?” என்றார் அண்ணி.

“அதுக்குத்தானே கண்ணாடி கொண்டு போறேன்!”

அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஜெயில் வாசலில் வார்டர் கண்ணாடியை வளைத்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு உறையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தம்பி இன்னொரு கைதியின் தோளில் கை வைத்தபடி வந்தான். அந்த ஆள் அவனை மெதுவாக உட்காரவைத்து, முகத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போனான். ஒரு வருடக் கடிதங்களை எழுதியது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பவருக்குப் புரியவில்லை; புரிந்துகொள்ள மனம் இல்லை.

“டேய், முதல்ல இதைப் போட்டுப் பாருடா.” ஆறு வருடம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு.

உள்ளே நின்ற வார்டர் கண்ணாடியை வாங்கித் தம்பி கையில் கொடுத்தார். அவன் முடிச்சுகளைத் தடவித் தடவி, நிதானமாகக் காதில் மாட்டிக்கொண்டான்.

“தெரியுதா?” கடையில் தினமும் கேட்கிற அதே கேள்வி.

“நல்லாத் தெரியுதுண்ணே.” அவன் முகமெல்லாம் சிரிப்பு. “நீ மாறவே இல்ல. மீசைகூட அப்படியே கருகருன்னு இருக்கு.”

பவரின் கை மேலுதட்டுக்குப் போய் அங்கேயே நின்றது. மூன்றாம் வருடக் கடிதத்துக்கே கிளம்பி வந்திருந்தால் என்று நான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

“டை அடிச்சிருக்கேன்டா,” என்றார். “எல்லாம் உங்க அண்ணி வேலை.”

கண்ணில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. குரல் உடையாமல் மட்டும் பார்த்துக்கொண்டார். மணி அடிக்கிறவரை நிறுத்தாமல் பேசினார். அவன் கேட்டது அதைத்தானே.