சங்கக்கடைப் பால்மா

தொண்ணூற்றொன்றில் என் மகளுக்கு ஆறு மாதம். எனக்குப் பால் வற்றிவிட்டது. உரும்பிராயில் எங்கள் வளவின் பின்பக்கம் ஓலைக்கொட்டில் போட்டுக்கொண்டு, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் மீன்பிடிகாரர். கடலுக்குப் போக வழியில்லாமல் எங்கள் தோட்டத்தில் வெங்காயம் கிண்டினார். மனைவிக்கு மூன்று பிள்ளைகள். கடைசி ஆண்குழந்தைக்கு என் மகளின் வயது; அவளுக்கும் பால் இல்லை.

சண்டையால் சாமான் வருவது தடைப்பட்டதிலிருந்து கடைகளில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. மண்ணெண்ணெயைச் சின்ன மருந்துப் போத்தல்களில் விற்றார்கள். பால்மாவை ஒளித்துவைத்து, கேட்பவரின் முகத்தைப் பார்த்து விலை சொன்னார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மட்டும் எப்போதாவது, நிவாரண அட்டைக்கு, குழந்தைக்கு ஒரு பெட்டி கொடுப்பார்கள்.

அப்படிப் பால்மா வந்த ஒருநாள் நானும் அந்தப் பெண்ணும் போனோம். வரிசை வீதிவரை நீண்டிருந்தது. வெயில் ஏறும் நேரம் குண்டு போடும் பொம்மர் வந்தது. எல்லோரும் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் ஓடி விழுந்தோம். அவள் மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்தபடி கடை வாசலுக்குப் போய் நின்றாள்.

கடை மனேச்சர் மேசைக்குக் கீழே கிடந்து கத்தினார். "பிள்ளை, விழுந்து படு!"

"ஓடினா இடம் போயிடும் அண்ணை."

குண்டுகள் எங்கோ தள்ளி விழுந்தன. நிலம் அதிர்ந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது அவள்தான் முதல் ஆள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். மனேச்சர் அவளது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது மயிலிட்டிப் பதிவு. இஞ்சை மாத்த வேணும். விதானையாரிட்டைப் போய்ப் பதியேல்லையோ?"

"எத்தினை தரம் போனனான். மேலை அனுப்பினதாம், இன்னும் வரேல்லையாம்."

"அப்ப நான் என்னம்மா செய்யிறது? நானும் கணக்குக் காட்டவேணுமெல்லே."

அவர் பொல்லாதவர் இல்லை. அட்டையைத் திருப்பி அவளிடம் நீட்டினார். அவள் சண்டை பிடிக்காமல் ஒதுங்கி நின்றாள்.

எனக்கு ஒரு பெட்டி கிடைத்தது. வீட்டுக்கு வந்து பாதியை அவளுக்குக் கொட்டிக் கொடுத்தேன். இருவரும் தண்ணீரைக் கூட்டித்தான் கரைத்தோம். எங்களிடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் பனைமட்டை இருந்தது. அவளுக்கு விறகும் காசுக்குத்தான். அவள் குழந்தைக்கு வயிற்றோட்டம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்குச் சேலைன் இல்லை. தகப்பன் குழந்தையின் உடலைச் சேலைத்துண்டில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்தார். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மூத்த பிள்ளைகள் இரண்டும்தான் அழுதன.

அதற்குப் பிறகுதான் பதிவு மாறி வந்தது. அட்டையில் குழந்தையின் பெயரை யாரும் வெட்டியிருக்கவில்லை. அடுத்த முறை அவளுக்கும் பால்மா கிடைத்தது. பெட்டியோடு நேரே நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இதை எடுங்கோ. சும்மா வேண்டாம், அரிசி தாங்கோ. மூத்தது ரெண்டும் பசியிலை கிடக்குதுகள்."

இருந்த அரிசியில் சுண்டுப் பேணியால் அளந்து அவள் முந்தானையில் போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு சுண்டு போடுங்கோ அக்கா."

போட்டேன். கொஞ்ச வெங்காயமும் கொடுத்தேன். முந்தானையை முடிந்துகொண்டு போனாள். பிறகு நான் பாலைக் கரைத்தேன். மகள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.