அன்றைக்கே முடிந்த விஷயம்

புதுச் சட்டையைப் பிரித்ததும் அவள் முதலில் தேடுவது பாக்கெட்டைத்தான். இருந்தால் ஊசியில் நூலைக் கோத்து, அதன் வாயைத் தைத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை. கால்சட்டையானாலும் மழைக்கோட்டானாலும் இதே கதி. கைக்குட்டை வைக்க இடமில்லாமல் அதை இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறாள். கடைக்குள் நுழையுமுன் சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிவிடுவாள். சோப்புக் கட்டி ஒன்றை எடுத்தாலும் அதைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏலம் போடுகிறவர் மாதிரி, கல்லாவரை நடப்பாள். கூட வரும் அம்மாவுக்குத்தான் மானம் போகும்.

"எதுக்குடி இப்படி ஊர்வலம் போற? கைய எறக்கு."

"எறக்கினா, எங்க போச்சுன்னு யாராச்சும் கேப்பாங்கம்மா."

அவளுக்கு இப்போது இருபத்தெட்டு முடிந்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கு அவள் நர்ஸம்மா. சின்ன வயதில் சித்தப்பாவின் காலாணிக்குத் துணி கிழித்துக் கட்டுப் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வாயாரக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அத்தைமாரில் ஒருத்தி மட்டும் அந்தப் பெயரைச் சொல்லும்போது உதட்டை ஒரு சுழிப்புச் சுழிப்பாள். அந்தச் சுழிப்புக்கு என்ன அர்த்தம் என்று குடும்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

படித்தது நர்சுப் படிப்பு. பார்க்கிற வேலை நாய் குளிப்பாட்டுவது. மூன்று தொட்டி, இரண்டு மேசை, எந்நேரமும் இரைகிற சூடான காற்று மெஷின், ஈர முடியின் வாடை. நெட்டை குட்டை என்று வருகிற அத்தனை நாயும் அவள் கை பட்டால் அடங்கிவிடும். நகம் வெட்டும்போது, "ஒண்ணுமில்ல ராஜா, சுருக்குன்னு இருக்கும், அவ்ளோதான். மூச்ச விடு. ஆச்சு, முடிஞ்சுபோச்சு" என்று ஆஸ்பத்திரிக் குரலில் பேசுவாள். கிழட்டு நாயைத் தூக்குமுன் அதன் இடுப்புக்கடியில் கை கொடுத்து, படுத்த நோயாளியைப் புரட்டுகிற பக்குவத்தில் புரட்டுவாள். "முடி வெட்ட வந்தியா, ஆபரேஷன் பண்ண வந்தியா?" என்று கடைக்கார அம்மாள் கேலி செய்வாள். வேலைக்குச் சேர்க்கும்போது அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "கடிச்சா அழுவியா?" மாட்டேன் என்றாள். "அப்ப நாளைக்கு வந்துடு." முன்னே என்ன, பின்னே என்ன என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்காகவே அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம்.

மற்ற எல்லோரும் கேட்டார்களே!

கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் அது. பெரியம்மா மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்த சமயம். கூடப் படித்த ஒருத்தியோடு பெரிய கடைக்குள் போனாள். வெளியே வரும்போது இருவர் பாக்கெட்டிலும் ஆளுக்கு ஓர் உதட்டுச் சாயம், காசு கொடுக்காதது. கல்யாண வீட்டில் எல்லாப் பெண்களும் மினுக்கிக்கொண்டு நிற்கும்போது தான் மட்டும் வெறும் உதட்டோடு நிற்கவேண்டுமா என்ற ஆசை. வாசலில் பிடித்துக்கொண்டார்கள். எடுத்தது தப்பு. அதை அவளே இல்லை என்று சொன்னதில்லை, அவளுக்காக யாரும் சொல்லவும் வேண்டாம்.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பெண்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தோழியின் அம்மா வந்தாள். வந்தவள் கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "வக்கீல் வராம எம் பொண்ணு வாயத் தொறக்க மாட்டா" என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். இவளுக்கு வந்தது பெரியப்பா. அப்பா லாரியில் வெளியூர் போயிருந்தார். பெரியப்பா உட்காரக்கூட இல்லை. கல்யாண வீட்டு அவசரம் அவருக்கு.

"அஞ்சு மணிக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க. நீ இங்க உக்காந்திருக்கன்னு தெரிஞ்சா அக்காவோட வாழ்க்க என்னாகும்? எடுத்தேன்னு ஒத்துக்க, கையெழுத்தப் போடு, அபராதம் நான் கட்டுறேன். இன்னியோட முடிஞ்சுது."

"அப்பா வரட்டும் பெரியப்பா."

"அப்பன் வந்து என்ன கிழிக்கப் போறான்? போடு."

அங்கிருந்த ஏட்டும் தலையாட்டினார். ஒத்துக்கொண்டால் நல்லது, வீட்டுக்குப் போகலாம். அந்தக் கையெழுத்து எதுவரைக்கும் கூட வரும் என்று ஒரு வாய் சொன்னதா? சொல்லவில்லை. பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. நாலரைக்கெல்லாம் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டு, முகம் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று கூப்பிட்டார்.

ரகசியம் காப்பாற்றப்பட்டதா என்றால், அதுதான் வயிற்றெரிச்சல். பெரியம்மா வாயில் எதுதான் தங்கும்? கல்யாணத்தன்று மேசைக்குச் சாப்பாடு வருமுன் சேதி வந்துவிட்டது. உதடு சுழிக்கிற அத்தைக்கு முதல் தவணை அங்கேதான் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டார்கள். "சின்னப் பொண்ணு, விடுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் சாப்பாடு போட்டுக்கொண்டார்கள். யாருக்குப் பயந்து அவளைக் கையெழுத்துப் போடவைத்தாரோ அவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தோழியின் வழக்கு என்னவாயிற்று? முதல் தப்பு, படிக்கிற பிள்ளை என்று வக்கீல் பேசினார். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள், சில சனிக்கிழமைகள் ஏதோ வகுப்பில் போய் உட்கார்ந்தாள், வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். சிலேட்டில் எழுதி அழித்த மாதிரி. அவள் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பெரிய நர்ஸ். அதே கடை, அதே பெஞ்சு, அதே சாயம்! ஒருத்திக்கு வக்கீல் வந்தார், ஒருத்திக்குப் பெரியப்பா வந்தார்.

இதில் கல்லூரி அடித்த கூத்து தனி. அவளை வெளியே அனுப்பவில்லை. எல்லா வருஷத்துக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள், நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், முதல் வரிசை மார்க்கும் போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு நர்சுகளைப் பதிவு செய்கிற அலுவலகம் முடியாது என்றது. மருந்து அலமாரிச் சாவியைத் திருட்டு வழக்கில் ஒத்துக்கொண்டவள் கையில் எப்படிக் கொடுப்பது என்று கேட்டது. அம்மா ஓடிப்போய்க் கல்லூரித் தலைவியிடம் நின்றாள். "படிக்கத் தடை இல்லம்மா. வேல பாக்கத்தான் தடை" என்றார் அந்த அம்மையார், ஏதோ பெரிய ஆறுதல் சொல்கிற மாதிரி. அதைச் சேரும்போதே சொல்வதற்கு அந்த வாய்க்கு என்ன வந்தது?

முதியோர் இல்லத்தில் கேட்டாள். பள்ளிக்கூடத்து உணவறையில் தட்டுக் கழுவக் கேட்டாள். எங்கும் அந்த ஒரே கேள்வி: உங்கள்மேல் வழக்கு ஏதாவது உண்டா? "இல்லன்னு சொல்லித் தொலையேன், யாரு தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்று அண்ணிகூடச் சொல்லிப் பார்த்தாள்.

"எடுத்தது ஒரு தடவ அண்ணி. பொய்யும் சொன்னா ரெண்டாயிடும்."

இந்தப் பிழைக்கத் தெரியாத பிடிவாதம் அவள் அப்பா வழி. அவரும் லாரியில் அளவுக்கு மேல் ஒரு மூட்டை ஏற்றச் சொன்னதற்காக நல்ல முதலாளியை விட்டுவிட்டு வந்தவர்.

பத்து வருஷம் கழிந்தால் மறுபடி ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம் என்று அந்த அலுவலகத்தில் ஒரு விதி இருக்கிறது. போன மாதம் அவளைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை வரவேண்டும், அப்போது ஸ்டேஷனில் கூட இருந்த பெரியவர் நேரில் வந்து, எப்படிக் கையெழுத்தானது என்று சொன்னால் அவளுக்கு நல்லது. இந்த முறையும் இல்லை என்றால் பிறகு இல்லவே இல்லை.

அம்மாவும் மகளும் பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். பஸ் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காலையும் மாலையும் பூங்காவைச் சுற்றுகிறார். வந்த காரியத்தைச் சொன்னதும் முழங்காலைத் தடவ ஆரம்பித்தார்.

"மூட்டு வலி எனக்கு. மாடிப்படி ஏற முடியாது."

"லிப்ட் இருக்கு பெரியப்பா."

"நான் வந்து என்னன்னு சொல்றது? நான்தான் உன்னக் கெடுத்தேன்னா? குடும்ப மானத்தக் காப்பாத்தினவன் நான்."

அதுவரை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த அம்மா எழுந்துவிட்டாள். அக்கா புருஷன் முன்னால் அவள் அதுவரை குரலை உயர்த்தியதே கிடையாது.

"உங்க மானத்தக் காப்பாத்த எம் பொண்ணுதான் கெடச்சாளா அத்தான்? அன்னிக்கு ஸ்டேஷன் படி ஏறுறப்ப இந்த மூட்டு வலிக்கலயா? ஒரு நாள் வந்து, அவசரப்பட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. முத்தா உதிர்ந்துடும்?"

பெரியம்மா அடுக்களைக் கதவோரம் நின்றாள். ஊரெல்லாம் பேசுகிற வாய் அங்கே பூட்டிக்கிடந்தது. பெரியப்பா சுவரைப் பார்த்து, "பாப்போம்" என்றார். வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அம்மாதான் பேசினாள்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை.

அறை சின்னது, மேசை வட்டம். விசாரிக்கிற அம்மையாருக்கும் அவளுக்கும் நடுவில் சாட்சிக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தது. பெரியவர் வரவில்லை என்று தெரிந்ததும் அம்மையார் தன் தோல் கைப்பையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"கூட யாரும் வரலயா?"

"வரலைங்க. மூட்டு வலின்னாங்க."

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய வழக்கை வாய்விட்டு வாசித்தார். கடையின் பெயர், தேதி, பொருள். எடுத்ததாக ஒப்புக்கொண்டார் என்ற இடம் வந்தது. வாசிப்பு நிற்கவில்லை, கண்ணும் காகிதத்தை விட்டு நகரவில்லை. இடது கை மட்டும் நீண்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை அம்மையாரும் பார்த்துவிட்டார். வாசிப்பு அங்கே நின்றது.

அவள் எழுந்தாள். காலியான நாற்காலியை அம்மையார் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"பைய இதுலயே வைங்கம்மா. மடி வலிக்கும்."

தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய், அறையின் அந்தக் கோடியில், சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கேளுங்க," என்றாள், அங்கிருந்து கேட்கும்படி உரக்க.