அக்காவுக்கு ஒத்துவராத வைரம்

அந்த மோதிரப் பெட்டியை அக்கா கையில் வாங்கிய விதம் இன்னமும் கண்ணில் நிற்கிறது. மூடியைத் திறந்தாள், ஒரு பார்வை பார்த்தாள், மூடினாள். கல்லின் நிறம், வெட்டு என்று நான் ஆயத்தமாக வைத்திருந்த ஒரு சொல்லையும் அவள் கேட்கவில்லை. பெட்டியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, தன் அறைக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வந்தாள். "மூண்டு இரவு கிடக்கட்டும், பாப்பம்" என்றாள். மோதிரம் அவளுக்கானதல்ல. அவளுடைய ஒரே மகளுக்கு, கட்டிக்கொள்ளப் போகிற பெடியன் செய்வித்தது. அந்தப் பிள்ளை வெறும் விரலைத் தடவியபடி கூடத்தில் நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைரம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. தலைமாட்டில் வைத்துப் படுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் கெட்டது ஏதும் நடந்தால் கல்லில் தோஷம். நான் கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளன் என்பதால் இந்தக் கூத்தை அன்றாடம் பார்க்கிறேன். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் முதலாளி கல்லை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார். பேஸ்மென்ட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரு அன்ரி கொண்டுவந்து தந்தார். மகன் ட்ரைவிங் டெஸ்டில் ஃபெயில் என்று ஒரு அங்கிள் தந்தார். அந்த மகன் கல் வருவதற்கு முன்பும் ஃபெயில்தான். முதலாளி சிரித்துக்கொண்டு வாங்கி வைப்பார். ஊர் முழுவதற்கும் பொறுமை காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சொந்த அக்காவும் அதே வரிசையில் நின்றால் மனிதன் என்ன செய்வது?

பெடியனில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நகரமான அஜக்ஸில் வளர்ந்தவன். சாதகம் பொருந்தியது. தாய் தகப்பனும் நல்ல மனிதர்கள். ஆனால் படித்த படிப்புக்கு வேலை கிடைத்தது வடக்கே, யெலோநைஃப் பக்கமாக ஒரு வைரச் சுரங்கத்தில். பனியும் ஏரியும் தவிர வேறொன்றும் இல்லாத இடம். கலியாணம் முடிந்ததும் அக்காவின் மகள், என் மருமகள், அவனோடு யெலோநைஃபுக்குப் போவதாகப் பேச்சு. அத்தான் காலமான பிறகு அக்காவின் மோர்னிங்சைட் வீட்டில் இருந்தது தாயும் மகளும் மட்டும்தான். தான் வேலை செய்யும் மண்ணிலிருந்து வந்த கல் என்ற பெருமையோடு பெடியன் அந்த மோதிரத்தை எங்கள் கடையிலேயே செய்வித்தான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் நுண்ணிய இலக்கம் தெரியும், அதை வைத்துக் கல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். இதையெல்லாம் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். சுவருக்குச் சொல்லியிருக்கலாம்.

மூன்று இரவு முடிவதற்குள் அக்கா டிரைவ்வேயில் சறுக்கி விழுந்தாள். கல் திரும்பி வந்தது.

"சறுக்கினது ஐஸ் அக்கா, கல்லில்லை. போன வின்ரருக்கும் விழுந்தனீதானே?"

"போன வின்ரர் இப்பிடி நோகேல்லை" என்றாள்.

பெடியன் முகம் கோணாமல் அதே சுரங்கத்து இன்னொரு கல்லைப் பதிப்பித்தான். இந்த முறை வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுவிட்டது. கடுங்குளிரில் பழைய ஃபேர்னஸ் நிற்காமல் வேறெப்போது நிற்கும்? அதற்கடுத்த கல்லுக்கு, கனவில் அத்தான் வந்து ஒன்றும் பேசாமல் போனாராம். அத்தான் உயிரோடு இருந்தபோதும் அதிகம் பேசியவரல்ல. கலியாண மண்டபம் எடுப்பது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பெடியனின் தாய் அக்காவிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்கத் தொடங்கினார். நான் கல்லின் மேல் பழியைப் போட்டுச் சமாளித்தேன். வைரம் விற்கிறவன் வைரத்தைத் திட்டித் திரிந்தது அந்த வருடத்தில்தான்.

கடைசியில் பெடியன்தான் வழி கண்டுபிடித்தான். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம். சிறு வைரத் துண்டொன்றை இயந்திரத்துக்குள் வைத்து, வாயுவும் வெப்பமும் கொடுத்து, சில வாரங்களில் வளர்த்தெடுப்பது. அதுவும் அசல் வைரம்தான், எங்கள் கடையில் இருக்கும் பேனா போன்ற சோதனைக் கருவிக்குக்கூட வித்தியாசம் தெரியாது. "அன்ரி, இது ஒரு மண்ணுக்குள்ளையும் கிடக்கேல்லை. ஒருத்தரும் இதை முந்திப் போட்டதுமில்லை. தோஷம் எங்காலை வரும்?" என்று கேட்டான். சுரங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன் சுரங்கம் வேண்டாத கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அக்கா மறுபடியும் அந்த வெள்ளைத் துணியை எடுத்தாள்.

மூன்று இரவுத் தவணை முடிந்த காலை நான் போனபோது அவள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். மருமகள் மேலே குளித்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் சரிவரேல்லை" என்றாள் அக்கா.

"என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. அதுதான் பயமாய் இருக்கு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கல்லிலை ஒண்டுமில்லை எண்டு உனக்கு வடிவாய்த் தெரியும். அந்தப் பிள்ளையை ஏன் இப்பிடிக் கொல்லுறாய்?" என்று கத்தினேன். அக்கா பைப்பை மூடினாள்.

"அவள் அவ்வளவு தூரம் போனால் நான் இந்த வீட்டிலை தனிய என்ன செய்யிறது, தம்பி?"

"அதை அவளிட்டைச் சொல்லன்!"

"சொன்னால் நிண்டிடுவாள். நிண்டிட்டு, அம்மாவாலைதான் எண்டு சீவியம் முழுக்க நினைப்பாள். கல்லு ஒத்துவரேல்லை எண்டால் ஒருத்தரிலையும் பிழையில்லை."

ஒரு வருடமாக இரண்டு குடும்பங்களை ஆட்டிப்படைத்த தோஷம் இவ்வளவுதான். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் தலையைத் துவட்டியபடி இறங்கி வந்தாள். அக்கா கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தாள். "நல்ல கல்லு, பிள்ளை. போடு" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூச்சு விடாதே என்பது அதற்கு அர்த்தம்.

மருமகள் போய் இரண்டு வின்ரர் ஆகிறது. அக்கா காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது யெலோநைஃப் குளிரைத்தான், டொரன்டோ அதற்குப் பிறகு. மகள் அழைத்தால், "எனக்கென்ன குறை, ராசாத்தி மாதிரி இருக்கிறன்" என்கிறாள். போனை வைத்ததும் என்னை அழைத்து, வேலை நேரம் என்றும் பாராமல், ஒன்றுமில்லாத கதை கதைக்கிறாள். வாடிக்கையாளரைக் காக்க வைத்துக்கொண்டு நானும் உம் கொட்டுகிறேன்.

போன கிழமை மருமகள் கடைக்கு அழைத்தாள். "மாமா, அம்மா ஓகேயா? சீரியஸா கேக்கிறன்."

"உன்ரை அம்மாவுக்கென்ன, நல்லாய்த்தான் இருக்கிறா" என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும் மாமா, பிரச்சினை டயமண்ட் இல்லையெண்டு. அவ தன்ரை வாயாலை ஒருக்கா 'போகாதை' எண்டு சொல்லட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். சொல்லியிருந்தால் சந்தோசமாய் நிண்டிருப்பன். அவரும் டொரன்டோவிலை வேறை வேலை பாக்க ரெடியாய்த்தான் இருந்தவர். அவ 'நல்ல கல்லு, போடு' எண்டவ. நான் போய்த் துலையட்டும் எண்டு நினைச்சிட்டா எண்டு..." போனை வைத்துவிட்டாள்.

தாயையும் மகளையும் ஒரு அறைக்குள் தள்ளிப் பூட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆளுக்கொரு வார்த்தை. அதைச் சொல்லத் துணிவில்லாமல் இத்தனை கல், இத்தனை கனவு, ஒரு ஃபேர்னஸ். இப்போது இரண்டு பேரின் இரகசியமும் என் தலையில். அன்று பின்னேரம் மோர்னிங்சைட்டுக்குப் போனேன், இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்ற முடிவோடு.

அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "பிள்ளை உன்னோடை கதைச்சவளாம். என்ன சொன்னவள்?"

வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அங்கை நல்ல குளிராம்" என்றேன்.