இனிக்கும் பற்பசை

என் கணவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்த நாளிலிருந்து வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். தேநீருக்குச் சீனி கிடையாது. அலுமாரியில் பிஸ்கட் கிடையாது. மாதக் கிளினிக்கில் வெறுவயிற்றோடு இரத்தம் கொடுக்கப் போகும் காலைகளில் அவரைப் பல் தீட்டவும் விடமாட்டேன். பற்பசை இனிக்கிறதே! அதையும் சீனி என்றே நினைத்தேன்.

பிறகு யோசித்தேன். கிளினிக் நாளில் கூடாதது மற்ற நாளில் மட்டும் நல்லதா? பற்பசையையும் பிரஷையும் குப்பையில் போட்டுவிட்டு, விரலில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன். என்னோடு வாதாட அவருக்குத் தெம்பில்லை, சொன்னபடி செய்தார். சில மாதங்களில் ஈறு என்கிற பல் முரசு வீங்கி இரத்தம் கசிந்தது.

"இரத்தம் வாற இடத்தைத் தேய்க்காதேங்கோ, ஆறட்டும்" என்றேன். அத்தோடு உப்பும் நின்றது.

இவ்வளவு செய்தும் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் வேலை செய்யும் இடமான கப்பல்துறையில், பணிஸ் எனும் இனிப்புப் பன் விற்கும் ஒரு பேக்கரி இருப்பது எனக்குத் தெரியும்.

"உண்மையைச் சொல்லுங்கோ. பணிஸ் திண்டனீங்கள்தானே?"

"இல்லையப்பா. சத்தியமாத் திண்ணேல்லை."

நான் நம்பவில்லை. மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கால்சட்டைப் பையில் பணிஸ் தூள் இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்தேன்.

அடுத்த கிளினிக்கில் மருத்துவர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். பார்த்தவுடனே பல் வைத்தியரிடம் அனுப்பிவிட்டார். பல் வைத்தியர் ஓர் இளம் பெண்.

"முரசிலை சீழ் வைச்சிருக்கு. சீனி கூடினா முரசு பழுதாகும், முரசு பழுதானா சீனியும் லேசிலை இறங்காது. இந்த ரெண்டு முன்பல்லையும் காப்பாத்த ஏலாது. ஏன் ஐயா பல் தீட்டுறேல்லை?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பஞ்சிதான், டொக்டர்" என்று தன் சோம்பலின்மேல் பழியைப் போட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லை டொக்டர், நான்தான் விடேல்லை. பற்பசை இனிக்குதெண்டு."

"அந்த இனிப்பு சீனி இல்லையம்மா" என்றார் பல் வைத்தியர் மெதுவாக.

அடுத்த கிளினிக் நாள் காலையில், புது பிரஷில் நானே பற்பசையை வைத்து அவரிடம் நீட்டினேன். "பணிஸ் விசயத்திலையும் நான்தான் பிழை" என்றேன்.

அவர் முன்பல் இல்லாத வாயால் சிரித்தார்.

"பரவாயில்லை விடும். இனிப் பணிஸ் கடிக்கவும் ஏலாது."