கேபிளுக்கு ஏற்றிய குளுக்கோஸ்

மதுரையில் படகு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் இது. ஆனால் என்னிடம் படகு இருந்தது. ஆறு பேர் உட்காரலாம், பின்னால் இன்ஜின், முன்னால் கார் மாதிரி ஒரு ஸ்டியரிங். அனுப்பானடிப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஒட்டிய காலி மனையில், நான்கு பழைய லாரி டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. தெருவில் வழி கேட்பவர்களுக்கு "படகு நிக்கிற வீட்டுக்குப் பக்கத்துல" என்று அடையாளம் சொன்னார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு லாரியில் கிளீனராகப் போனேன். ஹூப்ளியில் ஓட்டலில் மேஜை துடைத்தேன். ஒரிசாவில் போர்வெல் போடும் வண்டியில் இருந்தபோது மலேரியா வந்து, வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்து எழுந்தேன். கோவாவில் சுற்றுலாப் படகு, பிறகு ஆலப்புழையில் படகு வீடு. எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. படகில் மட்டும் தரித்தது. அது நகர்ந்துகொண்டே இருப்பதால் இருக்கலாம்.

கொல்லத்தில் ஒருவர் தொழிலை விட்டபோது அந்தப் படகை வாங்கினேன். திருவாதவூர் போகிற வழியில் ஒரு பெரிய கண்மாய் அந்த வருடம் நிறைந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று கணக்குப் போட்டேன். படகு வந்து, கண்மாய்ச் சங்கத்தார் சரியென்று தலையாட்டுவதற்குள் தண்ணீர் எருமை படுக்கிற அளவுக்கு வற்றிவிட்டது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. படகை டயர் மேல் ஏற்றிவிட்டு ஆலப்புழைக்கே திரும்பினேன். மாதங்கள் கழித்து வீட்டுக்கு வருவேன். நாலைந்து நாள் இருப்பேன்.

என் மனைவி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். நான் வந்து செருப்பைக் கழற்றியதும் "எப்பப் போறீங்க?" என்று கேட்பாள். கோபமாக இல்லை. இட்லிக்கு எம்புட்டு அரிசி ஊறப்போடுவது என்று தெரிய வேண்டும், அதற்காக.

இந்த முறை ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்தன. ஷேர் ஆட்டோ ஓட்டும் மைத்துனன், மனைவியின் தம்பி, போன் செய்தான்.

"மச்சான், கண்மா ரொம்பி மறுகா பாயுது. கெளம்பி வாங்க. சங்கத்துல கேட்டுட்டேன். பொங்கலுக்கு முன்னாடி படகை ஓட்டிக் காட்டச் சொல்றாங்க. இல்லன்னா மிதிபடகுக்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துருவாங்களாம்."

ஆலப்புழை முதலாளியை நாங்கள் சேட்டன் என்போம். அவர் லீவு கொடுத்தார். ஆனால் பொங்கல் வாரத்தில் அங்கே கூட்டம் நெரியும், அதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். அவரும் நல்ல மனிதர்தான். கூட்டத்தை யார் சமாளிப்பது?

ஆக, படகு ஓடினால் நான் மதுரை. ஓடாவிட்டால் ஆலப்புழை பஸ். வீட்டில் யாரும் இதை உட்கார்ந்து பேசவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றியபோது மனைவி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் கவனித்தேன்.

இன்ஜினைக் கழுவி, பிளக் மாற்றி, டிரம் தண்ணீரில் வைத்துக் கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் திரும்பவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். சக்கரம்தான் வளைகிற மாதிரி இருந்தது.

படகு ஸ்டியரிங்கில் பெரிய சூட்சுமம் இல்லை. சக்கரத்திலிருந்து ஒரு தடித்த உறைக்குள் எஃகுக் கேபிள் பின்னால் வரை போகிறது. அதன் நுனியில் கட்டை விரல் தடிமனில் ஒரு கம்பி. அந்தக் கம்பி இன்ஜினோடு இருக்கும் இரும்புக் குழாய்க்குள் நுழைந்து வெளியே வந்து இன்ஜினைத் தள்ளும், இழுக்கும். இன்ஜின் திரும்பினால் படகு திரும்பும். கம்பி இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளினேன். இன்ஜின் ஊஞ்சல் போல ஆடியது. அப்படியென்றால் கேபிள்தான். உப்புத் தண்ணீரில் ஓடிய படகு, சும்மா கிடந்து உள்ளே துருப் பிடித்திருக்கும் என்று முடிவு கட்டினேன். கொச்சிக் கடையில் கேட்டால் புதுக் கேபிள் பொங்கல் கழித்துத்தான் வரும் என்றார்கள்.

வாசற்படியில் உட்கார்ந்து மைத்துனனிடம் சொன்னேன். "கேபிளோட மேல் நுனியைக் கழட்டி உசரத்துல கட்டி, எண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கணும் மாப்ள. சொட்டுச் சொட்டா உள்ள எறங்கினா ஒருவேளை விட்டுக்குடுக்கும். மொத்தமா ஊத்தினா வழிஞ்சுதான் போகும்."

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமல் சொன்னாள். "சொட்டுச் சொட்டாத்தான எறங்கணும்? டிரிப்ஸ் போட்ற வேண்டியதுதான."

மைத்துனன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் டூட்டி முடிந்து வரும்போது மருந்துக்கடையில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் டியூபும் வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரியில் போட்டுக் கழற்றியதை எடுத்து வரக்கூடாது, அதில் அவள் கறார். உள்ளே இருந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள். எதிர்வீட்டு அக்கா ரவிக்கை தைப்பவர். அவர் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், எங்களிடம் மதுரைத் தமிழ். அவரிடமிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாங்கிப் பாட்டிலில் நிரப்பினோம்.

கேபிளை ஸ்டியரிங்கிலிருந்து கழற்றி, மேல் நுனியை எங்கள் மாடிக் கைப்பிடிக் கம்பியில் கட்டினேன். கீழ் நுனி இன்ஜின் குழாய்க்குள்ளேயே இருந்தது. மேல் நுனியில் சைக்கிள் டியூப் துண்டைச் செருகிக் கம்பியால் இறுக்கி, அதற்குள் டிரிப்ஸ் டியூபை விட்டேன். மனைவி டியூபில் இருந்த உருளையைத் தள்ளி, சொட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

"வேகமா விடாதீங்க. தாங்காது," என்றாள்.

அன்று மாலையே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நம் ஊரில் டிரிப்ஸ் ஏறுகிறது என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. எதிர்வீட்டு அக்கா முதல் ஆளாக வந்தார். கையில் இரண்டு சாத்துக்குடி.

"எப்பிடித் தம்பி இருக்கு?"

"ஏறிக்கிட்டு இருக்குக்கா."

"ஏறட்டும், ஏறட்டும். என் எண்ணெயாச்சே, கேக்காமப் போகுமா? பழத்தை நீங்க சாப்பிடுங்க. அதுக்கு இப்ப எதுவும் குடுக்கக் கூடாதுல்ல?"

மைத்துனன் சவாரிக்கு நடுவே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான். உள்ளே இருக்கிற பயணிகளுக்கும் காட்டுவான். "அக்கா, பேசண்டு எதுவும் பேசுச்சா? மச்சான், அட்டெண்டர் ராத்தங்கலாமா, பாஸ் வேணுமா?" ஒரு பயணி இறங்கி வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடலாமே என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் சிரித்தேன். ஆனால் காலையிலும் மாலையிலும் மேலே போய்க் குறடால் கேபிளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். முதலில் அசையவே இல்லை. பிறகு ஒரு நகக்கண் அளவு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மார்கழி ஓடிக்கொண்டிருந்தது. சேட்டன் ஒரு முறை கூப்பிட்டு எப்போது என்று கேட்டார். கேபிள் விஷயத்தைச் சொன்னேன். பார்த்துச் சொல்லு என்றார்.

உண்மையைச் சொன்னால், உள்ளங்காலில் அந்தப் பழைய அரிப்பு வந்துவிட்டது. ஒன்று நடக்காது என்று தெரிந்ததும் எனக்கு வருத்தம் வருவதற்கு முன்பே பயணம் வந்துவிடும். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தூசி தட்டினேன். மனைவி பார்த்தாள். மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பாட்டிலை விரலால் சுண்டி, டியூபில் நின்ற காற்றுக் குமிழியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் செய்கிற அதே கவனம்.

மறுநாள் காலை மைத்துனன் காலி மனையிலிருந்து கத்தினான்.

"மச்சான்! ரத்தம்! ரத்தம் வருது மச்சான்!"

ஓடினேன். இன்ஜின் குழாயின் வாயிலிருந்து எண்ணெய் கசிந்து சொட்டியது. செக்கச் செவேலென்று இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். துரு இப்படி இருக்காது. துரு பழுப்பு, நறநறக்கும். இது வழவழப்பாக, வாசனையாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

எண்ணெய் கேபிள் முழுக்க இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அப்படியென்றால் கேபிளில் அடைப்பு இல்லை. கம்பி நுழைகிற குழாயில்தான் எதுவோ இறுகிக் கிடக்கிறது.

"மாப்ள, இதுக்குள்ள சந்தனமும் குங்குமமும் எப்பிடிடா வந்துச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். பின்னால் வந்து நின்ற என் மனைவியைப் பார்த்தான். "ஆயுத பூசைக்குத்தான் மச்சான். என் ஆட்டோவுக்குப் போடுறப்ப அக்கா இதுக்கும் போடணும்னுச்சு. வண்டின்னா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துவோம். இதுக்கு அடியில டயரு கெடக்கு, ஆனா உருளாதுல்ல? அதனால பழத்தைக் குங்குமத்துல தோச்சு அந்தப் பளபளன்னு நீட்டிக்கிட்டு இருந்த கம்பியில புழிஞ்சோம். சந்தனத்தையும் நல்லா அப்பிட்டு, நான் ஸ்டியரிங்கை ஒரு சுத்து சுத்துனேன். கம்பி உள்ள போயிருச்சு. உருட்டுன கணக்கு ஆச்சு."

"எப்போ?"

"நீங்க ஆலப்புழையில இருந்தீங்கள்ல, ரெண்டு வருசமும். அடுத்த வருசம் சுத்த முடியல. நானும் அக்காவும் சேந்து பிடிச்சுத்தான்..."

"டேய், வாய மூட்றா," என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "பொழப்புச் சாமான். பூசை இல்லாமக் கெடக்கலாமா?"

அந்த இரண்டு ஆயுத பூஜைக்கும் நான் போன் செய்திருந்தேன். பூஜை ஆச்சா என்று கேட்டேன். ஆச்சு என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கிரைண்டருக்கும் ஆட்டோவுக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எலுமிச்சைப் புளிப்பு கம்பியைத் தின்றிருக்கும். மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும். எண்ணெய்க்கு அது அசையாது. என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போய்க் குண்டாவில் வெந்நீர் வைத்துவிட்டாள்.

"சாமி படத்துல காஞ்ச சந்தனத்தை நான் வெந்நீலதான் எடுப்பேன்," என்றாள்.

பழைய துண்டை வெந்நீரில் முக்கி, பிழிந்து, குழாயைச் சுற்றிப் போட்டாள். ஆறியதும் எடுத்து மறுபடி முக்கினாள். ஒத்தடம். குழாயின் வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். சிவப்புத் தண்ணீர் வழிந்து படகின் வயிற்றில் ஓடியது. நான் கம்பியின் நுனியில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். ஓங்கி அடித்தால் கம்பி வளைந்துவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது. அவள் துண்டைப் போட, நான் தட்ட, மதியச் சோற்று நேரமும் போய்விட்டது. எதிர்வீட்டு அக்கா தையலை விட்டுவிட்டு வந்து நின்றார். யாரும் கேலி பேசவில்லை.

கட்டை ஒரு தட்டுக்கு உள்ளே போன மாதிரி இருந்தது. நான் நிறுத்தினேன்.

"போச்சா?" என்றாள்.

"போச்சு."

இன்னும் தட்டினேன். கம்பி அரை அங்குலம், ஓர் அங்குலம், பிறகு பிரசவம் மாதிரி மொத்தமாக வெளியே வந்தது. மேலெல்லாம் செம்பட்டையும் மஞ்சளுமாக இரண்டு அடுக்கு. எமரிக் காகிதத்தால் தேய்த்தேன். சில இடங்களில் புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தது, ஆழமில்லை. குழாய்க்குள் ஒரு கம்பியில் துணி சுற்றி விட்டு விட்டு இழுத்தேன். துணி சிவப்பாக வந்து, ரோஸாக வந்து, கடைசியில் துணியாகவே வந்தது. கிரீஸ் பூசி எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டியரிங்கில் கேபிளை மாட்டினேன். அவளைச் சுற்றச் சொன்னேன். ஒற்றை விரலால் சுற்றினாள். இன்ஜின் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் குட்டியானை லோடு வண்டியில் படகை ஏற்றிக் கண்மாய்க்குக் கொண்டு போனோம். அவள் டிபன் கேரியரில் புளிச்சோறும், கூடவே ஒரு சின்னச் சம்புடத்தில் சந்தனமும் கொண்டு வந்திருந்தாள். கையில் சந்தனத்தோடு படகைச் சுற்றி வந்து பின்பக்கம் நின்றாள்.

"அங்க மட்டும் வேணாம் தாயி," என்றேன்.

முறைத்துவிட்டு, முன்னால் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். பையையும் போனையும் அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். சங்கத்து ஆட்கள் மூன்று பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். அதில் ஒருவர் தண்ணீருக்குப் பயந்தவர், என் தோளைப் பிடித்துக்கொண்டார். மடை வரை போய், கருவேல மரங்களைச் சுற்றி, இடமும் வலமும் வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டினேன். கொக்குகள் எழும்பி உட்கார்ந்தன. தோளைப் பிடித்தவர் பாதி வழியில் கையை எடுத்துவிட்டு, "இன்னொரு ரவுண்டு போப்பா" என்றார்.

திரும்பும்போது பார்த்தேன். கரையில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள் போல என்று நினைத்தேன். கரை சேர்ந்ததும் கேட்டேன்.

"யாரு?"

"ஒங்க சேட்டன்."

"என்னவாம்?"

"எப்ப வாரீங்கன்னு கேட்டாரு. வரமாட்டாரு, தண்ணியில இருக்காருன்னு சொல்லிட்டேன்." என் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். நான் படகின் கயிற்றைக் கரையில் இருந்த கருவேல மரத்தில் கட்டினேன். "அப்புறம் கேபிள் எப்பிடி இருக்குன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"டிஸ்சார்ஜ் ஆயிருச்சுன்னேன்," என்றாள். பிறகு புளிச்சோற்றைத் திறந்தாள்.