புதன்கிழமை விரதம்

கோசலை பிடித்த விரதங்களைச் சொல்லப்போனால் பஞ்சாங்கத்துக்கே மூச்சு முட்டும். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோஷம். அதற்கு மேலே பஞ்சாங்கம் கேள்விப்படாத சில நாட்கள் வேறு. "கோசலையக்கான்ரை பக்தி ஆருக்கு வரும்?" என்று பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருவின் சேலைக்கடைப் பெண்கள் வாய் பிளப்பார்கள். அவளும் சிரித்துச் சமாளிப்பாள்.

பக்தி பொய்யில்லை. ஆனால் அந்த விரதங்களில் பாதி வெறும் பசி. கணவன் செத்தபோது மகள் கஜந்தினி கைக்குழந்தை. கோசலைக்கு விசாவும் இல்லை. விடியமுன் இன்னொருத்தியின் பெயரில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். சம்பளம் வந்தால் உண்டு. பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் ஒற்றை அறை வீடு. தேவாலயத்தடியில் இலவசமாகச் சாப்பாட்டுப் பொதி கொடுக்கிறார்கள் என்று ஒருதரம் வரிசையில் போய் நின்றாள். எதிரே நகைக்கடைக்காரரின் மனைவி வருவதைக் கண்டதும், சப்பாத்து நாடா கட்டுபவள்போலக் குனிந்து அப்படியே நழுவிவிட்டாள். நின்றிருந்தால் கதை பொழுதுபடமுன் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்திருக்கும். விரதகாரியை மட்டும் ஏன் சாப்பிடவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

கஜந்தினிக்கு மதியச் சாப்பாடு பள்ளிக்கூடக் கன்ரீனில் கிடைத்தது. புதன்கிழமைதான் பெரும்பாடு. அந்த வருசங்களில் புதனன்று பள்ளிக்கூடம் இல்லை, கன்ரீனும் இல்லை. அப்படியொரு புதனில், வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இல்லாத நாளில், ஏழு வயதுக் கஜந்தினி வந்து முன்னால் நின்றாள்.

"அம்மா, இண்டைக்கு நானும் உங்களோடை விரதம்."

கோசலை மறுக்கவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் கூட்டிப்போய்த் திருநீறு பூசிவிட்டாள். பிள்ளை தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பிறகு விசா கிடைத்தது, நிரந்தர வேலை கிடைத்தது, குளிர்ப்பெட்டி நிறைந்தது. எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் கஜந்தினி, "நான் ஏழு வயசிலையே விரதம் பிடிச்சனான்" என்று பெருமையடிப்பாள். எல்லோரும் மெச்சுவார்கள். கோசலை ஏதாவது சாட்டுச் சொல்லிக் குசினிக்குள் போய்விடுவாள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் கஜந்தினி இந்தக் கோடையில் ஓர் ஆய்வுக்காக நடுப் பிரான்சின் கிராமங்களுக்குப் போனாள். அங்கே யார் யாருக்குச் சாப்பாடு போதாமல் இருக்கிறது என்று வீடு வீடாக விசாரிப்பதுதான் வேலை.

"வெள்ளைக்காரன்ரை ஊரிலை ஆர் பிள்ளை பட்டினி? வயல் முழுக்கக் கோதுமை எல்லே?" என்று கோசலை தொலைபேசியில் சிரித்தாள்.

"கோதுமை வேறை ஆரோ ஒருத்தன்ரை, அம்மா. கடைக்குப் போகக் கார் வேணும், காருக்கு எண்ணெய் வேணும். லீவு விட்டாக் கன்ரீனும் இல்லை. இஞ்சை பிள்ளையளின்ரை முகத்தைப் பாத்தாலே தெரியுது."

கன்ரீன் என்ற சொல்லோடு கோசலையின் சிரிப்பு நின்றுவிட்டது. புதனையும் கன்ரீனையும் சேர்த்து யோசிக்க மகளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பெற்ற மகள் வீடு திரும்பும் நாளை நினைத்து அவள் உண்மையிலேயே பயந்தாள்.

ஓகஸ்ட் கடைசியில் கஜந்தினி வந்தாள். கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் வைத்துக் கோசலை சோறு போட்டாள். மகள் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஒரு வீட்டிலை ஒரு சின்னப் பெட்டை, அம்மா. தாய் அங்காலை திரும்பேக்கை சட்டிக்குள்ளை எட்டிப் பாத்தவள். பிறகு தனக்கு சூப் பிடிக்காதெண்டு தாயிட்டைச் சொல்லிப்போட்டாள்."

கோசலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"பிள்ளை, அண்டைக்குப் புதன்கிழமை. ஒரு விரதமும் இல்லை. வீட்டிலை அரிசி இல்லை. நீ விரதம் எண்டு சொன்னோடனை எனக்கு நிம்மதியா இருந்தது. பெத்த தாய் எனக்கு நிம்மதியா இருந்தது."

கஜந்தினி தாயின் கையைப் பிடித்தாள்.

"எனக்குத் தெரியும், அம்மா. அரிசி வாளியைத் திறந்து பாத்திட்டுத்தான் நான் உங்களிட்டை வந்தனான்."

இத்தனை வருசமும் தான் மகளிடம் ஒளித்ததாக நினைத்ததை, மகள் அல்லவா தன்னிடம் ஒளித்திருக்கிறாள். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதைக் கோசலை இப்போதுதான் கேட்டாள்.

"பசிச்சதே, பிள்ளை?"

"ஓம், அம்மா. நல்லாப் பசிச்சது."