ஏழாம் குழாயில் கேட்ட குரல்

கயிறு திரிக்கிறான் என்று சிரிக்காதீர்கள். நூல் ஓட்டுவதுதான் என் பிழைப்பு. கயிறு திரிக்கத் தெரியாது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் 2.16 முதல் 2.43 வரை. எங்கள் மிஷினில் ஒவ்வொரு முறை நூல் அறும்போதும் நேரம் தானாகப் பதிவாகிவிடும். அதனால் ஒரு நிமிடம்கூட நான் கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் வேலை இரண்டு மாடியில் நடக்கும். மேல் மாடியில் பிளாஸ்டிக் சில்லுகளை உருக்கி, பொடித் துளைகள் போட்ட தகடு வழியாகக் கீழே தள்ளுவார்கள். மயிரிழை மயிரிழையாக இறங்கும் அதன்மேல் குளிர்ந்த காற்று அடிக்கும். காற்று பட்டதும் அது கெட்டிப்பட்டு நூலாகும். தளத்தைத் துளைத்து வரும் நீளக் குழாய் வழியாக அந்த நூல் கீழ் மாடிக்கு இறங்கும். அங்கே நான் நிற்பேன். நூல் அறுந்தால் மேலே இருப்பவர் தகட்டைச் சுரண்டித் துடைத்து, குழாயில் வாய் வைத்து “விடட்டுமா?” என்பார். நான் “விடுங்க” என்பேன். வரும் நூலை, காற்றால் உறிஞ்சும் துப்பாக்கி போன்ற கருவியால் பிடித்து, பாபின் என்ற உருளையில் ஏற்றுவேன்.

நான் ஒன்பது வருடமாக இப்படி ஏற்றிக்கொண்டிருந்தேன். என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், எனக்கு இரண்டு வருடம் கழித்து வேலைக்கு வந்தவர். எனக்கு மூன்று முயற்சியில் சிக்கும் நூல் அவர் கைக்கு முதல் தடவையிலேயே வந்து உட்காரும். போன வருடம் அவரை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கினார்கள். அவருக்கு வெள்ளைத் தொப்பி. எனக்கு அதே நீலம்.

“அவர் பேசினா பத்துப் பேர் கேக்கறாங்க. நீங்க பேசினா நானே கேக்கறதில்ல” என்பாள் என் மனைவி. விளையாட்டாகத்தான் சொல்வாள். என் மகள் ஒருநாள் படம் வரைந்தாள். சித்தப்பாவுக்கு வெள்ளைத் தொப்பி. பக்கத்தில் பாதி உயரத்தில் நான். “உங்க தொப்பி எப்பப்பா வெள்ளையாகும்?” என்றாள்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது. அவர் முன்பு போலவே “அண்ணா” என்றுதான் கூப்பிடுவார். நான் வேண்டுமென்றே “சொல்லுங்க சார்” என்பேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு ஒரு சுகம்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

2.16. ஏழாம் நம்பர் குழாயில் நூல் அறுந்தது. அன்று மேல் மாடி டியூட்டி பீரங்கி அண்ணனுக்கு. ரகசியம் சொன்னாலும் கேட் வரை கேட்கும், அதனால் அந்தப் பெயர்.

“விடட்டுமா?”

குரல் மெதுவாக இருந்தது. பீரங்கி எப்போது மெதுவாகப் பேசினார்? தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

“விடுங்க.”

நூல் வந்தது. தொட்டேன். வெதுவெதுப்பாக வர வேண்டிய நூல்... ஐஸ் மாதிரி இருந்தது.

2.24. மறுபடி ஏழு. மற்ற எல்லா நம்பரும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

“விடட்டுமா?”

“விடுங்க. காத்து அதிகமா வெச்சிருக்கீங்களா? சில்லுனு வருதே.”

நூல் மட்டும் வந்தது.

2.31. மூன்றாவது முறை.

“வெள்ளைத் தொப்பி எங்கே?”

எனக்குச் சுருக்கென்றது. பீரங்கி அவரைத் தம்பி என்பார். இப்படிச் சொல்பவன் நான் ஒருவன்தான். அதுவும் வாய்விட்டு இல்லை. மனசுக்குள்.

“ரூம்ல இருக்கார்” என்றேன்.

“எரியுதா?”

“...என்னது?”

“அவனை மேலே அனுப்பறியா?”

ஓடியிருக்க வேண்டும். யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

“ம்” என்றேன்.

ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவருடைய கண்ணாடி அறைக் கதவைத் தட்டினேன். “சார், மேலே ஏழாம் நம்பரைப் பாக்கணுமாம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. எழுந்து போனார்.

இரும்புப் படியில் அவர் பூட்ஸ் சத்தம். டங்... டங்... டங்...

நின்றது.

2.40. குழாயில் மூச்சு விடும் சத்தம்.

“வந்துட்டான்.”

இந்த முறை குரல் தெளிவாகக் கேட்டது.

அது என் குரல்.

என் குரலேதான்...

ஓடினேன்.

முப்பத்தாறு படி. எப்படி ஏறினேன் என்று தெரியாது.

மேலே பீரங்கி இல்லை. யாருமே இல்லை.

சகலை மட்டும். ஏழாம் நம்பருக்குக் கீழே. தகட்டைச் சுரண்ட முகத்தை அண்ணாந்து...

“தம்பி!”

காலரைப் பிடித்து இழுத்தேன்.

டப்!

2.43. தகட்டைச் சுற்றி அடைத்திருந்த சீல் பிய்ந்தது. அவர் முகம் இருந்த இடத்தில் உருகிய குழம்பு கொட்டியது. இருநூற்றெண்பது டிகிரிக்கு மேல். ஒரு துளி என் முழங்கையில் பட்டது. இப்போதும் அங்கே தோல் வேறு நிறம்.

ஆள் கூடிவிட்டது. கடைசியாக வந்தவர் பீரங்கி. “ரெண்டு மணியிலேர்ந்து வயித்தால போகுதுப்பா, பாத்ரூம்லயே கிடந்தேன்!” மாடியே அதிர்ந்தது. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து சகலை வீட்டுக்கு வந்தார். என் முழங்கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“அண்ணா, போன மாசம் ரெண்டு பேர் வரல. நான் கீழே இறங்கி நூல் ஏத்தினேன்.”

“சரி.”

“ஏழாம் குழாயில ஒரு குரல் கேட்டுது. ‘உன் அண்ணன் எங்கே, மேலே அனுப்பறியா’ன்னு. என் குரல் மாதிரியே இருந்துது.”

“நீ என்ன சொன்னே?”

“மாமியார் வீட்ல எப்பப் பாத்தாலும் பெரிய மாப்பிள்ளை புராணம்தான். உங்களைக் கேக்காம ஒரு ஆணி அடிக்க மாட்டாங்க. நான் எவ்வளவு மேலே வந்தாலும் அந்த வீட்ல சின்னவன்தான்...” தலையைக் குனிந்துகொண்டார். “அனுப்பறேன்னு சொல்லிட்டேண்ணா. உங்களைத் தேடினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது, வராத ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தர்னு. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு லீவு போட்டிருந்தீங்க.”

“அப்புறம் ஏன் அன்னிக்கு நான் சொன்னதும் போனே?”

“அது வெறும் பிரமைன்னு எனக்கு நானே காட்டிக்கத்தான்.”

மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று முதல் காரியமாகப் பழுதுப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் லீவு போட்ட தேதி. பீரங்கியின் கோணல் கையெழுத்து.

“ஏழாம் நம்பர். சீல் பிய்ந்தது. மதியம் 2.43. அந்த நேரம் தகட்டுக்குக் கீழே ஆள் யாரும் நிற்கவில்லை.”